நூறில் நடந்த மாப்பிள்ளை

அறக்கட்டளைத் தலைவர் வருவது பத்து மணிக்கு. மறுவாழ்வு மையத்தின் இயக்குநருக்கு ஏழு மணிக்கே வியர்க்கத் தொடங்கிவிட்டது. நடைப்பயிற்சி இயந்திரத்துக்கு ரிப்பன் கட்டினார்கள். நல்லவேளை, நடக்கப்போகிற குழந்தைக்குக் கட்டவில்லை.

குழந்தைக்கு ஏழு வயது, மூளை முடக்குவாதம், வீட்டுப் பெயர் சுண்டெலி. இருபது நாள் பயிற்சி அன்றோடு முடிகிறது. இன்னும் இருபது நாள் உண்டா என்பது தலைவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் இருந்தது. சுண்டெலியின் அம்மா அந்த வார்த்தைக்காகத்தான் வந்து நின்றாள்.

இயந்திரத்தைப் பற்றி இப்போது அவளுக்கு இயக்குநரைவிட நன்றாகத் தெரியும். மேலே தொங்கும் பட்டையில் குழந்தையைக் கட்டி, இயந்திரக் கால்களைக் குழந்தையின் கால்களோடு பூட்டி, கீழே பெல்ட்டை ஓடவிடுவார்கள். குமிழை நூறில் வைத்தால் நடப்பதை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். குறைக்கக் குறைக்கக் குழந்தை உழைத்தாக வேண்டும். தினமும் காலையில் அதைச் சோதித்துப் பார்க்க முதல் ஆளாக ஏறுவது மணல் அடைத்த ஒரு துணிப் பொம்மை. எல்லோரும் அதை மாப்பிள்ளை என்பார்கள்.

பிசியோதெரபி அக்கா இருபது நாள் மல்லுக்கட்டிக் குமிழை அறுபதுக்கு இறக்கியிருந்தாள். அறுபதில் சுண்டெலி பல்லைக் கடிப்பாள், வலது கால் இழுக்கும், மூக்கு ஒழுகும். ஆனால் அது அவள் நடை.

ஒத்திகையில் அதைப் பார்த்த இயக்குநரின் முகம் சுண்டிப்போயிற்று. கேமராவெல்லாம் வருகிறது, இதென்ன கோலம் என்று கடிந்துகொண்டு, தம் திருக்கரத்தாலேயே குமிழை நூறுக்குத் திருப்பினார்.

தலைவர் வந்தார். இயக்குநர் நாற்பது நிமிடம் இயந்திரம் செய்யும் புரட்சி பற்றிப் பேசினார். பிறகு சுண்டெலி நடந்தாள், அணிவகுப்பு தோற்றுவிடும். நடுவில் ஒரு கொட்டாவியும் விட்டாள்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அட, இவ்ளோ நல்லா நடக்குதே! இனிமே இதுக்கு எதுக்குப் பயிற்சி? வேற குழந்தைக்கு இடத்தக் குடுங்க."

இயக்குநர்தான் முதலில் கைதட்டினார். அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

"ஐயா, மாப்பிள்ளையையும் ஒரு தடவ நடக்கவிட்டுப் பாத்துடுங்க," என்றாள் அம்மா.

இயக்குநர் கண்ணாலேயே அதட்டினார். யாரந்த மாப்பிள்ளை என்று தலைவர் கேட்டுவிட்டதால் அதட்டல் பலிக்கவில்லை. அக்கா ஓடிப்போய்ப் பொம்மையைத் தூக்கிவந்து பூட்டினாள். மாப்பிள்ளை அதே நூறில் நடந்தார், சுண்டெலியைவிடக் கம்பீரமாக.

கைதட்ட எடுத்த கைகள் பாதியில் நின்றன.

"இப்ப எம் பொண்ண அறுபதுல விடுங்க."

சுண்டெலி பல்லைக் கடித்தாள். கால் இழுத்தது, மூக்கு ஒழுகியது. பதினோரு அடி. தலைவர் கிட்டே போய்க் குனிந்து ஒவ்வொரு அடியாகப் பார்த்தார். கேமராக்காரர் எப்போதோ கேமராவை இறக்கியிருந்தார்.

"அந்தப் பொம்மைய வீட்டுக்கு அனுப்புங்க," என்றார் தலைவர். "பாப்பா இருக்கட்டும்."

மறுநாள் காலை இயந்திரத்தைச் சோதிக்க மாப்பிள்ளையைத் தேடினால் ஆளைக் காணோம். இயக்குநர் தலைவரின் உத்தரவில் ஓர் எழுத்தைக்கூட விட்டவரில்லை. மையத்து வண்டியில் ஏற்றி, சுண்டெலி வீட்டு வாசலில் இறக்கி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.