பொரி இறைத்த வழி

பாடையைத் தோளில் ஏற்றியதும் பட்டியிலிருந்த ஆடுகள் ஒன்றாகக் கத்தின. செத்துக் கிடப்பவர் மேல் பாசம் என்று கூட்டத்தில் யாரோ கண்ணைத் துடைத்தார்கள். பாசமும் இருக்கலாம். ஆனால் அது பசி என்று தனக்கொடிக்குத் தெரியும். அப்பா சின்னக்கண்ணு படுத்த நாளிலிருந்து அவற்றுக்கு வேப்பந்தழையும் கழுநீரும்தான்.

"சாயந்தரம் கறிக்கட வியாபாரி வரான்," என்றான் அண்ணன் வெற்றிவேல், கையில் கொள்ளிச்சட்டியோடு. "அவுரு இருந்தவரைக்கும் நான் வாயத் தொறக்கல. இனிமே எங்க மேய்ப்ப, சொல்லு?"

பாண்டி மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த வயல்களையெல்லாம் ஒரே கம்பெனி வளைத்து வாங்கி வேலி போட்டுவிட்டது. முன்பெல்லாம் அறுப்பு முடிந்த வயலில் சின்னக்கண்ணு ராத்திரிக்கு ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். ஆடு படுத்த வயலுக்கு எரு, அவர் வீட்டுக்கு நெல். வயல் போனதும் மேய்ச்சல் போனது, நெல்லும் போனது. ஆடு வைத்திருந்த வீட்டில் உலை வைக்கத் தயங்கிய நாட்களும் உண்டு. அப்போதும் மனிதர் யாரிடமும் கை நீட்டியதில்லை. "பாண்டியில எவன் பிரியாணி துன்னாலும் அது நம்ம ஆடு," என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

மேளம் கிளம்பியது. வழியெல்லாம் பொரியும் சாமந்தியும் இறைத்துக்கொண்டு போனார்கள். தனக்கொடி அந்தப் பொரியைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய்ப் பட்டியின் படலை அவிழ்த்துவிட்டாள்.

ஆடுகள் தெருவில் இறங்கின. பொரியைப் பொறுக்கி, பூவைத் தின்று, பாடைக்குப் பின்னாலேயே போயின. தெருமுனையில் பெண்களெல்லாம் நின்றபோது அவள் மட்டும் நிற்கவில்லை.

"ஏய், பொம்பள சுடுகாட்டுக்குப் போவக்கூடாதுடி!" பெரியம்மா செல்வாம்பாள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் எங்க சுடுகாட்டுக்குப் போறேன்? ஆடு ஓட்டிக்கினு போறேன்."

பெரியம்மா கையை விட்டாள். முன்னால் மனிதர்கள், பின்னால் ஆடுகள். ஊரில் எந்தத் தலைவருக்கும் இப்படி ஒரு கூட்டம் காசு கொடுக்காமல் சேர்ந்ததில்லை. அழுதுகொண்டிருந்த தனக்கொடிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சுடுகாட்டுப் பாதை வேலிக்குள்தான் போகிறது. பிணம் வந்தால் மட்டும் கேட்டைத் திறப்பதாகக் கம்பெனி ஊருக்கு ஒப்புக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்தவர் கிருஷ்ணசாமி. உள்ளே இருக்கும் நிலத்தில் ஒரு துண்டு அவருடையதாக இருந்தது. சின்னக்கண்ணு வருஷா வருஷம் கிடை போட்ட துண்டு. அவர் கேட்டை அகலத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பாடை போனது. ஆடுகளும் போயின. அவர் தடுக்கவில்லை.

உள்ளே ஒரு செங்கல்கூட வைத்திருக்கவில்லை. புல் இடுப்பளவு நின்றது. ஆடுகள் அதில் தலையை விட்டன. கத்தல் அடங்கி, கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கொள்ளி வைத்துக் குளித்து, தலையில் ஈரத்தோடு வெற்றிவேல் திரும்பி வந்தபோதும் அவை மேய்ந்துகொண்டிருந்தன. அவன் போன் அடித்தது. கறிக்கடை வியாபாரிதான்.

"ஆடு வூட்ல இல்லண்ணே," என்றான். தங்கையைப் பார்த்தான். "மேய்ச்சலுக்குப் போயிருக்கு. இப்ப குடுக்கறதா இல்ல."

தனக்கொடி கேட்டருகே வந்தாள். "மாமா, கம்பெனிக்காரங்க கேட்டா இன்னா சொல்லுவீங்க?"

"சாவுக்குத் தொறந்தேன்னு சொல்லுவேன்."

"அதான் எரிச்சாச்சே."

"பதினாறாம் நாள் காரியம் முடியறவரைக்கும் சாவுதாம்மா," என்றார் கிருஷ்ணசாமி. "அதுக்குள்ள மழ வந்துரும். வெளியவும் புல்லு மொளைக்கும்."

பூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியை ரோட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, ஆடுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.