கந்தகப் புட்டு

அரியரத்தினம் அங்கிளுக்கு முழங்காலில் வாதம், மூக்கில் ஞானம். சிறிதரன் குடும்பத்தில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரே பெரியவர். அவர் தலையாட்டினால்தான் சிறிதரனுக்கும் என் அக்கா கமலினிக்கும் கலியாணம். "குசினியில முட்டை மணக்குது" என்று ஏற்கெனவே இரண்டு பெண் வீடுகளை மூக்காலேயே தட்டிக் கழித்த சுத்த சைவம்.

அப்படிப்பட்டவரை மெல்பேர்னிலிருந்து சிட்னிக்கு வரவழைத்த அம்மா, முட்டை பொரியும் எங்கள் குசினிப் பக்கமே விடாமல் எங்களோடு நேரே நியூசிலாந்துக்கு விமானம் ஏற்றினார். ரொட்டோருவா வெந்நீர் ஊற்றில் முழங்கால் சுகமாகுமாம். அந்த ஊரே அழுகின முட்டை மாதிரி நாறும் என்று அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

அங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி நீத்துப்பெட்டியைத் தூக்கிப் பிடித்தார். புட்டு அவிக்கும் பனையோலைக் கூம்பு.

"தொப்பி," என்றார் அம்மா, தலையில் கவிழ்த்துக் காட்டி. வறுத்த அரிசிமா அக்காவின் முகப்பவுடர் ஆயிற்று. இரண்டு கிலோ. அவ்வளவு முகம் அக்காவுக்கு இல்லை என்பதை அதிகாரி கவனிக்கவில்லை.

ரொட்டோருவாவில் இறங்கியதும் அங்கிள் மூக்கைத் தூக்கினார்.

"ஆர் முட்டை அவிச்சது?"

"கந்தகம், அங்கிள். நிலத்துக்குள்ள இருந்து வருது," என்றேன்.

"நிலத்துக்குள்ள ஆர் அவிக்கிறது?"

நாற்பது நிமிடம் காக்கவைத்த பிறகு வெந்நீர் பனை உயரத்துக்குச் சீறியது. சேற்றுக் குளங்கள் கூழ் மாதிரிக் களுக் களுக்கென்று கொதித்தன. அங்கிள் ஒன்றையும் பார்க்கவில்லை. முகர்ந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு வேறு துக்கம். "இவ்வளவு ஆவியும் வீணாப் போகுதே!" அந்த ஊர்ப் பெண்மணி ஒருத்தி நிலத்து ஆவியில் மரப்பெட்டி வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். கைச்சாடையிலேயே சிநேகமாகி, அம்மா நீத்துப்பெட்டியையும் உள்ளே இறக்கினார்.

"அம்மா, வேண்டாம்," என்றாள் அக்கா. "புட்டும் முட்டை மணக்கும். என்ர கலியாணம் முடிஞ்சுது."

"மணக்காது."

மணந்தது.

அங்கிள் முன்னால் தட்டை வைத்தபோது, அக்கா சேற்றுக் குளத்தைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். அங்கிள் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"முட்டை போட்டதோ?"

"சத்தியமா இல்லை, அண்ணை. மா, தேங்காய்ப்பூ, உப்பு. அவ்வளவுதான்."

"அப்ப இது சைவம்."

"ஓம். சுத்த சைவம்."

அங்கிள் தட்டை வழித்து முடித்தார்.

"ஏழு வயசில தீட்சை எடுத்தனான்," என்றார் அங்கிள் மெதுவாக. "அண்டைக்கு விட்டது, முட்டை தின்னுறதை." தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு, தங்கச்சி."

மூன்று தரம் போட்டார் அம்மா.

"நல்ல ஆசாரமான குடும்பம்," என்று கையை நக்கியபடி அங்கிள் தீர்ப்புச் சொன்னார். "நாள் பாப்பம். ஆனா கலியாணம் இஞ்சதான். மெல்பேர்னில இப்பிடிச் சைவச் சாப்பாடு கிடைக்காது."