ஈரச் சுவருக்கு ஒரு சட்டை

எங்கள் கார் கழுவும் கூடத்துக்கும் அப்பாவின் அறைக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அந்தப் பக்கம் வண்டிகள்மேல் தண்ணீரைப் பீச்சுவோம். இந்தப் பக்கம் நுரையீரல் கெட்டுப்போன அப்பா, தலையணையைச் சுவரில் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார்.

கூடத்தின் பழைய டைல்ஸ் பெயர்ந்து விழ ஆரம்பித்ததும், புதுப்பிக்க அண்ணன் முடிவெடுத்தான். சுவரில் எதைப் பதிப்பது என்று பார்க்கும் வேலை என்னுடையது. மாலை வகுப்பில் கட்டட வேலை படிக்கிறவள் நான்தானே.

புது டைல்ஸ், பெயின்ட் அடித்த தகரம், பிவிசி பலகை மூன்றிலும் ஒவ்வொரு துண்டு வாங்கி வரிசையாக நிறுத்தினேன். ஒரே தூரத்தில் நின்று பிரஷர் கன்னால் அடித்தேன். சக்கரம் கழுவும் அமிலத்தைத் தடவி ஊறவிட்டேன். தகரம் ஓரத்தில் துருப்பிடித்தது. டைல்ஸின் இடுக்குப் பூச்சு கரைந்தது. பலகை அசையவில்லை. நம்பிக்கை வராமல் அதை ஆணியால் கீறியும் பார்த்தேன்.

"விட்டா கடிச்சுப் பாப்ப போல," என்றான் அண்ணன்.

டைல்ஸைப் பெயர்த்தபோதுதான் சுவரின் லட்சணம் தெரிந்தது. பூச்சு கையோடு வந்தது. உள்ளே செங்கல் நனைந்த ரொட்டியாக இருந்தது.

"காய விடணும்ணே. அப்புறம் பின்னாடி காத்துப் போக இடம் விட்டு மாட்டணும்."

"அதுவரைக்கும் கடையில ஈ ஓட்டவா?"

"எங்க சார் சொன்னாரு..."

"உங்க சார் என்னைக்காவது கார் கழுவியிருக்காரா?"

பலகை ஒட்ட வந்தவர் சிரித்தார். "இது சட்டை மாதிரி தங்கச்சி. மேல மாட்டிட்டா உள்ள பனியன் கிழிஞ்சிருக்கிறது யாருக்குத் தெரியும்?"

அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது. "கடையை மூடாதடா. நான் என்ன சுவத்தையா திங்கப் போறேன்?"

வகுப்பில் எழுதியதைப் புரட்டினேன். அது புதுச் சுவரைப் பற்றிய பாடம். பழைய சுவருக்கும் அது பொருந்துமா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. பலகைகளை நேராகச் சுவரிலேயே ஒட்டி, இடுக்கெல்லாம் சிலிகான் அடைத்தார்கள்.

"பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே," என்று ஒரு வாடிக்கையாளர் பாராட்டினார்.

கூடத்துப் பக்கம் வழியடைபட்ட ஈரம் இந்தப் பக்கமாக வந்தது. முதலில் அப்பாவின் தலையணைக்கு மேலே பெயின்ட் கொப்புளித்தது. பிறகு கருத்தது. அண்ணன் கூரையில் ஏறி ஓட்டை தேடினான். மழையே இல்லாத மாதம்.

"கூரை இல்லண்ணே."

"தெரியும், சும்மா இரு," என்றான் மேலிருந்தபடியே.

அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திருப்பி அனுப்பும்போது, மீண்டும் அந்த அறையில் படுக்க வைத்தால் தாங்க மாட்டார் என்றார் டாக்டர். எங்களுக்கு இன்னொரு அறை கிடையாது. வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் இடத்தில் நாற்காலிகளை எடுத்துவிட்டு அவருக்குக் கட்டில் போட்டோம். கண்ணாடி வழியாகப் புதுச் சுவர் முழுவதும் தெரியும்.

அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார். அதைச் சொல்ல இரண்டு முறை மூச்சை இழுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில், வண்டிகள் வரிசையில் நிற்கும்போதே, அண்ணன் கடப்பாறையை எடுத்துக்கொண்டு சுவரிடம் போனான்.

"வேணாம்டா, வண்டி நிக்குது," என்றார் அப்பா.

அவன் திரும்பவில்லை. முதல் பலகை பிளந்து வந்தது. பின்னாலிருந்து சாக்கடை வாடையோடு தண்ணீர் வழிந்து அவன் செருப்பை நனைத்தது. நான் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆணிக்கீறல்கூட விழாத பலகைகளை ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தோம். வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

தண்ணீர் பீச்சும் மோட்டாரை அண்ணன் நிறுத்தினான். அதன் இரைச்சல் அடங்கியதும், அப்பா மூச்சுக்குத் திணறுவது கேட் வரைக்கும் கேட்டது.