தொண்ணூற்றெட்டுக்குச் சூடம்

கனகசுந்தரம் சேர் வந்தபோது கொம்பியூட்டர்களுக்குச் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டும் வைத்தாகிவிட்டது. ஒவ்வொரு மொனிட்டரின் தலையிலும் ஒரு செவ்வந்திப் பூ. ஒன்றுகூட ஓடவில்லை. விஜயதசமி அன்று பூசை முடியும் வரை யாரும் கருவிகளைத் தொடுவதில்லை. பூசாரி இன்னும் தேயிலைப் பெக்டரியில் இருந்தார். அங்கே முடித்துவிட்டுத்தான் இங்கே வருவார்.

நான் வாசலுக்கு வெளியே இருந்தேன். மாசி மாதம் என் மனைவி நிசாந்தினி இறந்துபோனாள். வருஷம் திரும்பும் வரை பூசை நடக்கும் இடத்துக்குள் நான் போகக் கூடாது. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பூவம்மாதான் காலையில் அதைச் சொல்லி என் கதிரையைத் தூக்கி வெளியே போட்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த நாட்களில் எதற்கும் ஒன்றும் தோன்றுவதில்லை.

எங்கள் கொம்பியூட்டர் நிலையம், கொழுந்து எடுக்கும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போன தோட்டத்தின் பழைய பிள்ளைக் காம்பராவில் நடந்தது. கொழும்பில் யாரோ கழித்துவிட்ட இயந்திரங்கள். எல்லாவற்றிலும் விண்டோஸ் 98. நான் படிப்பித்தேன். பதுளையில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனம் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கும். கனகசுந்தரம் அந்த நிறுவனத்தின் பரிசோதகர்.

போன வாரம் அங்கிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. விண்டோஸ் 98ஐ அதைச் செய்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். ஆகவே அடுத்த மாதத்திலிருந்து புதிய விண்டோஸ் எக்ஸ்பி உள்ள இயந்திரங்களில் மட்டுமே பரீட்சை. மற்ற நிலையங்கள் மூடப்படும். எங்கள் பிள்ளைகளின் பரீட்சையும் அடுத்த மாதம்தான். எங்கள் இயந்திரங்களில் எக்ஸ்பி ஏறாது. ஏற்றிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது.

என்னிடம் படித்த பூவம்மாவின் மகள் பிரசாந்தினிக்குப் பண்டாரவளையில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை காத்திருந்தது. சான்றிதழோடு வரச் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் அவள் அம்மாவோடு கொழுந்து எடுக்கப் போக வேண்டும்.

கனகசுந்தரம் மூடுவதற்கு முன் இயந்திரங்களைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தார். நெற்றியில் திருநீறு. மோட்டார் சைக்கிளின் முகப்பில் குங்குமம்.

"ஓன் பண்ணுங்கோ. பாத்து எழுதிப்போட்டு நான் வெலிமடைக்குப் போகவேணும்."

"பூசை முடியலைங்க," என்றார் பூவம்மா.

"என்ட மோட்டார் சைக்கிளுக்கும்தான் பொட்டு வைச்சது. அதிலதானே வந்தனான்."

"நீங்க பூசைய முடிச்சுட்டு எடுத்திருப்பீங்க. முடிக்காம எடுத்திருந்தா தெமோதரை வளைவுலயே கவுந்திருப்பீங்க."

பூசைக்கு வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அம்மா, இது பழைய சாமான். செய்த கொம்பனியே விட்டிட்டுது."

"கம்பெனி விட்டா நாங்களும் விடணுமா?" பெக்டரியில் ரோலர் ஓட்டும் மாரிசாமி குறுக்கே வந்தார். "எங்க ரோலரு வெள்ளக்காரன் போட்டது. அவனும் போயிட்டான், அவன் கம்பெனியும் போயிருச்சு. நேத்தும் அதுல கொழுந்து அரைச்சேன். நீங்க காலையில குடிச்ச தேத்தண்ணி அதுல வந்ததாக்கூட இருக்கும்."

"நான் கோப்பிதான் குடிக்கிறனான்."

"அதான் இப்படிப் பேசுறீங்க."

"இஞ்ச பாருங்கோ, சட்டம் நான் போட்டதில்லை. நாளைக்கு இந்தப் பிள்ளையள் வேலைக்குப் போற இடத்தில 98 இராது. அவையின்ர நன்மைக்குத்தான் இது."

நன்மை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அசைந்தது. எழுந்து வாசல் வரை போனேன். படியில் நின்றேன்.

"மருந்துக் கடையில 98தான் இருக்கு சேர். நான் போய்ப் பாத்தேன்."

"அது ஒரு கடை."

"உங்க ஒபீஸ்லயும் 98தான். போன மாசம் வைரஸ் புடிச்சு நின்னப்போ என்னைத்தான் கூப்பிட்டீங்க. நான்தான் வந்து செஞ்சேன். இந்தச் சுற்றறிக்கையே அதுல அடிச்சதுதான்."

அவர் பையிலிருந்து சுற்றறிக்கையின் பிரதி ஒன்றை எடுத்தார்.

"இந்தப் பிள்ளைகளைப் பதிவு செய்யும்போது எதுல படிக்கிறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அப்ப 98 நல்லதா இருந்துச்சு. பரீட்சைக்கு வந்ததும் கூடாதுன்னா, இவங்க எங்க போவாங்க? உங்களுக்கு ஒரு தாள் போதும். இவங்களுக்கு ஒரு வருஷம் போகுது!"

என் குரல் பெரிதாகியிருந்தது. கீழ் லயத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மாசி மாதத்துக்குப் பிறகு நான் சத்தம் போட்டது அன்றுதான்.

பூவம்மா அவர் கையிலிருந்து சுற்றறிக்கையை வாங்கி மகளிடம் நீட்டினார். "எப்ப இருந்துன்னு போட்டிருக்கு, படி."

"அடுத்த மாசத்துல இருந்தும்மா."

"அப்ப இந்த மாசம் செல்லும். இப்பவே வைங்க சேர் பரீட்சைய."

"இண்டைக்கோ? திகதி குறிச்சாச்சு."

"நல்ல காரியம் தொடங்குற நாளு. இதைவிட என்னா திகதி வேணும்?"

"வினாத்தாள் கொண்டு வரேல்லை."

"செய்முறைப் பரீட்சைக்கு வினாத்தாள் இல்லை," என்றேன். "நீங்க குடுக்கிற பக்கத்தை அடிச்சு, பிளொப்பியில சேமிச்சுத் தரணும். திகதியை மாத்த உங்களுக்கு அதிகாரம் இருக்கு. வெலிமடையில போன தடவை மாத்தினீங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். எல்லோரும் தலைக்குக் குளித்துப் புதுச் சட்டை போட்டிருந்தார்கள்.

"பூசாரி வர எவ்வளவு நேரமாகும்?"

பூவம்மா சூடத் தட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். "நீங்களும் திருநீறு பூசுறவருதானே. காட்டுங்க."

கனகசுந்தரம் சப்பாத்தைக் கழற்றினார். சூடம் ஏற்றி ஒவ்வொரு இயந்திரத்துக்கும் காட்டினார். மூட வந்தவர் முறையாகவே காட்டினார். மாரிசாமி தேங்காய் உடைத்தார். பிள்ளைகள் இயந்திரங்களை ஓடவிட்டார்கள்.

அடிக்கக் கொடுப்பதற்கு அவரிடம் இருந்தது அந்தச் சுற்றறிக்கை ஒன்றுதான். அதையே கொடுத்தார். விண்டோஸ் 98 இனி ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது என்று எங்கள் பிள்ளைகள் விண்டோஸ் 98இல் அடித்தார்கள். நான் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிரசாந்தினி முதலில் முடித்தாள். பிளொப்பியைச் செருகினாள். போகவில்லை. மறுபடி செருகினாள். அவள் முகம் மாறியது.

"சேர்! சந்தனம்!"

எந்த வாண்டோ பிளொப்பி போடும் வாய்க்குள்ளும் சந்தனத்தை அப்பியிருந்தது. அது காய்ந்து இறுகிவிட்டது.

"பொறு, நான் வர்றேன்," என்றேன்.

"பரீட்சை நடக்கேக்க ஆசிரியர் உள்ள வரேலாது," என்றார் கனகசுந்தரம்.

நான் பூவம்மாவைப் பார்த்தேன். காலையில் என் கதிரையை வெளியே போட்டவர் அவர்தான்.

"அவரு பாடம் சொல்லிக் குடுக்க வரல. சந்தனம் நோண்ட வர்றாரு," என்று பூவம்மா கனகசுந்தரத்திடம் சொன்னார். பிறகு என்னிடம், "வாங்க சேர். சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்," என்றார். தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தார்.

நான் உள்ளே போனேன். பரீட்சையில் பிளொப்பியில் மட்டும்தான் சேமிக்கலாம்; இயந்திரத்தை நிறுத்தினால் அவள் அடித்தது போய்விடும். ஓடும்போதே ஊசியின் நுனியால் சந்தனத்தைச் சிறிது சிறிதாகத் தோண்டி எடுத்தேன். ஊதினேன். பிளொப்பி போனது. முனகியது. பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. பிரசாந்தினி பிளொப்பியை வெளியே எடுத்து இரண்டு கையாலும் கனகசுந்தரத்திடம் கொடுத்தாள்.

எல்லோரும் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். அவர் பெயர்ப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். சர்க்கரைப் பொங்கலை நின்றபடியே சாப்பிட்டார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

"இது கடைசி. மாதம் முடிய முதல் அறையைப் பூட்டித் திறப்பை அனுப்பிப்போடுங்கோ."

"எங்க சின்ன மக அடுத்த வருஷம் எதுல படிப்பா?" என்று கேட்டார் பூவம்மா.

அவர் எஞ்சினை உதைத்தார். அது பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார்.

"உங்களைத்தான் கேக்கிறேன்."

எஞ்சின் பிடித்தது. அவர் இறக்கத்தில் போனார். பூவம்மா என் பக்கம் திரும்பினார்.

"செவ்வாய்க்கிழமை வகுப்பு இருக்கு," என்றேன். "சின்னவளையும் அனுப்புங்க."

"எதுல சேர்?"

"இதுலதான்."

திறப்பை நான் அனுப்பவில்லை.