கூடத்துக் கடல்

பள்ளிப்பைகள் இரண்டும் தொப் தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டதும், சோபாவில் சாய்ந்திருந்தவன் டி.வி.யை அணைத்தான். இனிமேல் கூடத்தில் கடல்தான். கழுவிய முகத்தைத் துடைக்கக்கூடப் பொறுமையில்லாமல், ஆளுக்கொரு வாழைப்பழத்தை வாயில் அடைத்துக்கொண்டு, அக்காவின் மகள்கள் இருவரும் ஓடிவந்து நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்தார்கள். பெரியவள் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று குறுக்கு விசாரணை செய்வாள். அதனால் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தான். சின்னவள் ஒன்றாம் வகுப்பு. அவள் வெறும் வாண்டு.

"மாமா, தண்ணி வந்துடுச்சு! கால மேல எடு!" என்றாள் வாண்டு.

"என் காலு எப்பவும் மேலதான்டி இருக்கு."

அது உண்மை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் போகும் குழிக்குள், குறுக்கே போட்ட பலகைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது, பின்பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தான். வைத்த இடத்தில் பலகை இல்லை. தொடையெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, கட்டைப் பிரம்மச்சாரியான அவனைத் தனியாக விட மனமில்லாமல் அக்கா தன் வீட்டுக்கே அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கூடத்துச் சோபாதான் அவனுக்குக் கட்டில், சாப்பாட்டு மேசை, உலகம்.

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்கக் குனிந்து கண்ணாடி வில்லையைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். அத்தான் வேலை பார்ப்பது வேறு ஊரில். மாதத்துக்கொரு முறை வருவார். பிள்ளைகள் வந்ததும் முகம் கழுவ வேண்டும், எதையாவது சாப்பிட வேண்டும், நேராக வீட்டுப்பாடத்தில் உட்கார வேண்டும் என்பது அக்காவின் சட்டம். தம்பி வந்த முதல் வாரமே அந்தச் சட்டம் தலைகீழாகிவிட்டது.

"அதுங்க மூளையும் காலைலேர்ந்து வேல பாத்துட்டுத்தானக்கா வருது? அதுக்கு ஒரு டீ பிரேக் வேணாமா?"

"நீ கெட்டது பத்தாதுன்னு அதுங்களையும் கெடுடா," என்றாள் அக்கா. ஆனால் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தம்பி முதல்முறையாகச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

ஒரு நாள் போர்வையில் கூடாரம். ஒரு நாள் காகித விமானப் பந்தயம். ஒரு நாள் சமையலறை டப்பாக்களையெல்லாம் கவிழ்த்துப் போட்டுக் கச்சேரி. கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து பார்த்துவிட்டு, "ஓ, நீங்கதானா" என்று சொல்லிப் போனார். ஆனால் எல்லாவற்றையும்விடக் கடல் விளையாட்டுதான் பிடித்துப்போனது. தரையில் கால் பட்டால் ஆள் அவுட். நாற்காலி, முக்காலி, தலையணை என்று தாவித் தாவி, தண்ணீர் படாமல் சமையலறை வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும். சோபாதான் தீவு. மூச்சு வாங்கினால் தீவில் ஏறிக்கொள்ளலாம். தீவுக்குக் கதை தெரியும், விசிலடிக்கத் தெரியும், வயிற்றைக் குலுக்கி நிலநடுக்கம்கூட வரவழைக்கத் தெரியும்.

அந்த விளையாட்டு தனக்கும் ஏன் அத்தனை பிடிக்கிறது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தைரியமாகக் காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிப் பல வாரங்கள் ஓடிவிட்டன. அவன்தான் ஊன்றவில்லை. வாக்கரைப் பிடித்து ஒற்றைக்காலால் தத்தித் தத்திக் குளியலறைக்குப் போய்வந்தான். இடது பாதத்தை இறக்கும்போதெல்லாம், தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் அது நின்றுவிடும். கீழே ஒன்றுமே இல்லை என்று உடம்பு சொல்லும். கண்ணுக்கு எதிரே பளபளவென்று தரை தெரியும். உடம்பு நம்பாது. சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம் மட்டும் இந்த வீட்டில் யாருமே தரையை நம்பவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்றைக்கு வாண்டுவுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது.

"மாமா, இன்னிக்கு நீ தீவு இல்ல. கப்பல்."

"கப்பல்லாம் வேணாம். தீவே இருக்கட்டும்."

"அது எப்படி?" என்றாள் வக்கீல். "தினமும் நாங்க மட்டும்தான் தாவறோம். நீங்களும் ஒரு நாள் வரணும்ல? டாக்டர் நடக்கலாம்னு சொல்லிட்டாராம். அம்மா போன்ல அப்பாகிட்ட சொன்னாங்க."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாண்டு அவனுடைய இடது காலை இரண்டு கையாலும் பிடித்து, "கப்பல் கிளம்பிடுச்சு, பாம், பாம்!" என்று சோபாவிலிருந்து கீழே இழுத்தாள். பாதம் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது.

"விடுடி!"

வீடே அதிர்ந்தது. அவனுக்கே அது தன் குரலாகத் தெரியவில்லை. "விளையாட்டுக்கு ஒரு அளவில்ல? போங்க. போய் ஒழுங்கா வீட்டுப்பாடம் எழுதுங்க!"

வாண்டு கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். நாற்காலிகள் சத்தமில்லாமல் சுவரோரம் போயின.

மறுநாள் பைகள் தொப்பென்று விழவில்லை. மெதுவாக வைக்கப்பட்டன. இருவரும் முகம் கழுவி, துடைத்து, மேசையில் அடுத்தடுத்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். பென்சில் கீச்சிடும் சத்தமும், வாண்டு எழுத்துக் கூட்டி முணுமுணுப்பதும் மட்டும் கேட்டன. அக்கா பார்த்திருந்தால் கண்ணேறு கழித்திருப்பாள். நான்கு மணிக்கே எழுத உட்கார்ந்துவிட்ட அந்த இரண்டு குட்டி முதுகுகளையும் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

"என்ன, இன்னிக்குக் கடல் லீவா?"

"வீட்டுப்பாடம் நெறைய இருக்கு மாமா," என்றாள் வக்கீல், தலை நிமிராமல்.

"பொய்யி," என்றாள் வாண்டு. "எனக்கு ஒரே ஒரு பக்கம்தான். உனக்கு வலிக்குதாம். இவதான் சத்தம் போடக் கூடாதுன்னா."

"வலி இல்லம்மா." அவன் கால் விரல்களைப் பார்த்தான். "பயம்."

பென்சில்கள் நின்றன.

"எதுக்குப் பயம்?"

"தரைக்கு."

இரண்டும் சிரிக்கப்போகின்றன என்று நினைத்தான். சிரிக்கவில்லை. வக்கீல் எழுந்து வந்து, சோபாவின் முன்னால் நின்று தரையைக் குனிந்து பார்த்தாள், சந்தேகம் வந்தவள் போல.

"தண்ணி இருக்குன்னா பயப்படறீங்க?"

"தண்ணி இருந்தாக்கூட நீச்சலடிச்சுடலாமே. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். கால வெச்சா போய்க்கிட்டே இருக்கும்னு தோணும். அதான் நேத்து கத்திட்டேன். உங்க மேல கோவமில்ல."

வாண்டு குப்புறப் படுத்து, தவழ்ந்து, அவன் காலருகே வந்தாள். உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தாள். விரலிடுக்கில் வாழைப்பழப் பிசுபிசுப்பும் பென்சில் கரியும்.

"என் கை மேல வை. கை இருக்குல்ல?"

"நசுங்கிடும்டி."

"மெதுவா வை."

பாதத்தை இறக்கினான். ஒரு சாண். நெற்றி வேர்த்தது. சோபாவின் விளிம்பை இறுகப் பற்றினான். அப்போது குதிகாலில் சூடாக, ஈரமாக, உயிருள்ள ஒன்று தட்டுப்பட்டது. விரல்கள் நெளிந்து கூசச் செய்தன.

"இருக்கா?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"இருக்கு."

"இப்ப கைய எடுக்கப்போறேன். சொல்லிட்டுத்தான் எடுப்பேன். இரு. இன்னும் எடுக்கல. இப்ப எடுக்கறேன்."

கை நழுவியது. அது இருந்த இடத்தில் குளிர்ச்சியாகத் தரை இருந்தது. அது எங்கேயும் போகவில்லை.

வக்கீல் வாக்கரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். வாக்கர்தான் கப்பலின் கைப்பிடி என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். அவன் எழுந்து நின்றான், இரண்டு காலில். இடது பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்த்தினான். மூன்று அடிக்கும் மேல் போயிருக்க மாட்டான். அதற்குள் பிள்ளைகள் நாற்காலிகளில் ஏறி நின்று, கடலே தெறிக்கும்படி கத்தினார்கள்.

அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமே கதவு திறந்தது. தோளில் பையோடு அக்கா வாசலில் நின்றாள். மேசையில் பாதி எழுதிய நோட்டுகள் காற்றில் படபடத்தன. கூடத்தின் நடுவே தம்பி வேர்த்து விறுவிறுத்து நின்றான்.

"அம்மா, கால் வைக்காத! ஆழம்!" என்று அலறினாள் வாண்டு.

அக்கா குனிந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன விரல்களால் கால்சட்டையின் நுனியை முழங்கால்வரை மெதுவாகச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தம்பியின் மேலிருந்து கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாகத் தண்ணீருக்குள் இறங்கினாள்.