பேப்பரில் வந்த அறை

சட்டைக் காலரைத் திருப்பி முனையைக் குத்தி எடுக்கும்போதே அவளுக்கு மார்பு கனத்துவிட்டது. உள்ளே துணி மடித்து வைத்திருந்தும் ரவிக்கை நனைந்தது. அந்தத் தையல் கம்பெனியில் அவளைக் காலர்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாலு மாதக் குழந்தை பகலெல்லாம் நாத்தனாரிடம் டப்பாப் பால் குடித்தது. அது ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போய்ப் போய்க் கால்கள் குச்சியாகிவிட்டன. தாய்ப்பால் மட்டும் கொடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, சுலபம்தான்.

அன்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே வந்தார். அதுவே பாதிப் பயத்தைக் கிளப்பியது.

"உன் கொழந்தைய வரச் சொல்லு. பேப்பர்ல இருந்து வராங்க. நம்ம பால் கொடுக்கற ரூமைப் படம் எடுக்கணுமாம்."

"எந்த ரூம் சார்?"

"அட்டைப்பெட்டி வச்சிருந்தோமே, அதுதான். காலையிலேயே காலி பண்ணியாச்சு."

பக்கத்து மிஷினில் பித்தான் தைக்கும் தோழி வாயைப் பொத்திச் சிரித்தாள். "போடி மவராசி. உன் காலரையும் சேத்து நான் தள்ளிவிடறேன்."

நாத்தனார் வேர்த்து விறுவிறுத்து வந்தாள். "இந்தாங்க அண்ணி, உங்க மக. வழியெல்லாம் ஒரே பாட்டுக் கச்சேரி."

அறையில் புது நாற்காலி இருந்தது. பெயிண்ட் இன்னும் கையில் ஒட்டியது. புட்டிக்குப் பழகிய குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. இதை விட்டால் இன்னொரு பகல் கிடைக்காது.

நிருபர் ஒரு பெண். கேமராவும் அவளே வைத்திருந்தாள். இரண்டு படம் எடுப்பதற்குள் வாசலில் நின்ற சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துக் கனைத்தார்.

"முடிஞ்சுதா மேடம்?"

நிருபர் அவரைப் பார்த்தாள். அப்போதுதான் மார்பைப் பற்றிக் குடிக்கத் தொடங்கியிருந்த குழந்தையையும் பார்த்தாள்.

"வெளிச்சம் சரியில்ல சார். நேரம் ஆகும். கதவைச் சாத்திக்கறேன்."

சாத்தியதும் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மெதுவா குடிக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." வெளியே இருப்பவர் காதில் விழட்டும் என்று நடுநடுவே சுவரைப் படம் எடுத்தாள். நாத்தனாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குழந்தை இரண்டு பக்கமும் குடித்து, கடைவாயில் பால் வழியத் தூங்கிப்போனது. பிள்ளை பெற்றதிலிருந்து இப்படி நிம்மதியாக அவள் உட்கார்ந்ததே இல்லை.

"உங்க குடும்பம் நல்லா இருக்கணும் மேடம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் படம் பெரிதாக வந்தது. 'மனமிருந்தால் மார்க்கமுண்டு' என்று தலைப்பு. சோம்பலால் புட்டியை நீட்டும் தாய்மார்களுக்கு இந்தத் தாய் ஒரு பாடமாம். அதே பக்கத்தின் கீழே டப்பாப் பால் விளம்பரம். அதிலிருந்த குழந்தை அவள் மகளைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

மறுநாள் பித்தான்காரி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அப்ப நமக்கெல்லாம் மனசு இல்லையாம்டி!"

"எழுதிட்டுப் போகட்டும் விடு. அந்தம்மா இப்படி எழுதியிருக்க மாட்டாங்க, ஆபீஸ்ல யாராவது மாத்தியிருப்பாங்க. அன்னிக்கு எம்பொண்ணு வயிறு ரொம்புச்சே, அவங்களை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

பேப்பரில் படம் வந்த தைரியத்தில் மதியத்துக்குக் குழந்தையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அறைக்கு ஓடினாள். கதவில் பேப்பர் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே பூட்டு.

"சார், சாவி…"

"எதுக்கு? உள்ள பெட்டி அடுக்கியாச்சு. அதான் பேப்பர்லயே வந்துடுச்சே, இன்னும் என்ன?"

கேட்டுக்கு ஓடினாள். வாட்ச்மேன் திறக்கவில்லை. திரும்பி வந்தவளின் ரவிக்கையைப் பார்த்த பித்தான்காரி காலர்க் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நீ போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"நீ இல்லன்னா நான் என்னடி பண்ணுவேன்," என்று அவள் தோளை அழுத்திவிட்டுப் போனாள்.

கழிவறையில் தாழிட்டுக்கொண்டு பாலைப் பீய்ச்சிவிட்டுக் குழாயைத் திறந்தாள். ஜன்னல் கம்பிக்கு அப்பால், கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, நாத்தனார் புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.