இடம் விட்டு எடுத்த படம்

புதிய கமராவில் மெமரி கார்ட் செருக இரண்டு துளைகள் இருந்தன. கிளிநொச்சி நகரில் ஏ-ஒன்பது வீதியோரம் ஸ்டூடியோ வைத்திருக்கும் பிரதாபனுக்கு இரண்டாவது துளை வீண் ஆடம்பரமாகப் பட்டது. பழைய கமராவில் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே எத்தனையோ கலியாணமும், பெரியபிள்ளையானவர்களின் சாமத்தியவீடும் எடுத்து முடித்திருந்தான். அவனுடைய மனைவி சுமித்திராவுக்கோ அந்த இரண்டாவது துளைக்காகத்தான் இந்தக் கமராவே. படம் எடுப்பது அவன். எடுத்ததைக் கணினியில் திருத்திப் பட அல்பமாக அடுக்குவது அவள். அவன் வெளியில் விடும் பிழைகளெல்லாம் கடைசியில் அவளுடைய மேசைக்குத்தான் வந்து சேரும்.

கமரா வந்த கிழமையே ஸ்கந்தபுரத்திலிருந்து நாகேஸ்வரி வந்தார். ஆவணியில் மகள் யதுர்ஷிகாவுக்குக் கலியாணம். மண்டபம், பூச்சோடினை, வீடியோ எல்லாவற்றையும் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிட்டு, கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு படம் மட்டும் வீட்டு வாசலில எடுக்கவேணும், தம்பி. மகனுக்கு இடம் விட்டு."

இந்தப் பக்கத்தில் குடும்பப் படம் என்றால் இடம் விட்டு எடுப்பது வழக்கமாகிவிட்டது. கனடாவில் இருக்கிற அண்ணனுக்கு ஓர் ஆள் இடம், பிரான்ஸில் இருக்கிற தங்கைக்கு ஓர் ஆள் இடம். நிற்பவர்கள் அந்த வெறுமைக்கு இரு பக்கமும் ஒதுங்கி நின்று சிரிப்பார்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வரும் படத்தை வெட்டி அங்கே ஒட்ட வேண்டும்.

நாகேஸ்வரியின் மகன் சஜீவன் பதினைந்து வயதில் சித்தப்பாவோடு வள்ளத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் போனவன். இப்போது மெல்பேர்னில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறான். அங்கே இருக்கலாம், வேலை செய்யலாம். நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பி உள்ளே விடமாட்டார்கள். அவன் போவதற்கு முன் எடுத்த படம் என்று அந்த வீட்டில் எதுவும் இல்லை. இருந்த அல்பம் இடப்பெயர்வில் போயிற்று. மீள வந்த பிறகு கூரை போடுவதே பாடாக இருந்தது, படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தகப்பன், தாய், மகள், மகன் நாலு பேரும் சேர்ந்து நிற்கும் படம் உலகத்தில் எங்கும் கிடையாது.

"அவன் வந்து நிண்ட மாதிரி இருக்கவேணும், பிள்ளை," என்று சுமித்திராவைப் பார்த்துச் சொன்னார் நாகேஸ்வரி. "ஒட்டின மாதிரி இருக்கக் கூடாது. எங்கட பக்கத்து வீட்டுக் கலியாணத்தில மூத்தவனை ஒட்டியிருக்கினம். அவன்ர கால் நிலத்தில படேல்ல."

சுமித்திரா பிரதாபனைப் பார்த்தாள். பிரதாபன் வீதியைப் பார்த்தான்.

"அது எங்கட வேலைதான், அன்ரி," என்று ஒத்துக்கொண்டாள் சுமித்திரா.

"தெரியும். அதுதான் முதலே வந்து சொல்லுறன்."

கார்ட் வாங்க இருவரும் சேர்ந்தே போனார்கள். கடையில் பிரதாபன் எல்லாவற்றிலும் பெரியதைக் கையில் எடுத்தான். ஒன்றைப் போட்டால் கலியாணம் முடியும்வரை கழற்றத் தேவையில்லை.

"அது செத்தால் முழுக் கலியாணமும் போச்சு," என்றாள் சுமித்திரா. "அதில பாதி அளவில ரெண்டு எடுங்கோ. ஒண்டுக்கு ஏதும் வந்தாலும் மற்றதில இருக்கும்."

"வேகம் இருக்கு, பார். எவ்வளவு பெரிசா எழுதியிருக்கு."

"பெரிசா எழுதியிருக்கிறது கொம்பியூட்டருக்கு இறக்கிற வேகம். கமராவில இருந்து எழுதுற வேகம் பின்னுக்குச் சின்னனா இருக்கும். திருப்பிப் பாருங்கோ."

திருப்பிப் பார்த்தான். சின்னதாகத்தான் இருந்தது. கடைக்காரர் தன் சிரிப்பை மறைக்க வேறெதையோ தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்தார்.

இரண்டு வாங்கினார்கள். வீடு திரும்பும்வரை மோட்டார் சைக்கிளில் அடுத்த வழக்கு நடந்தது. எந்த வடிவத்தில் பதிவது? பிரதாபன் எப்போதும் ஜேபெக்தான். கமரா தானே நிறம் சேர்த்து, சுருக்கி, முடித்துத் தந்துவிடும், சின்னக் கோப்பு, அன்றிரவே சொந்தக்காரருக்கு அனுப்பலாம். சுமித்திராவுக்கு றோ வேண்டும். கமராவின் கண்ணில் பட்ட வெளிச்சம் முழுவதையும் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு. நாலு மடங்கு பெரியது, திறந்தால் மங்கலாகத் தெரியும். ஆனால் இருட்டில் கிடக்கும் முகத்தை மேலே கொண்டுவரலாம், வெயிலின் மஞ்சளைக் கூட்டலாம், குறைக்கலாம்.

"உங்கட ஜேபெக் இறக்கி வைச்ச கறி," என்று அவனுடைய காதுக்குப் பின்னால் கத்தினாள். "உப்புக் கூடினால் ஒண்டும் செய்யேலாது. றோ எண்டால் வெட்டிக் கழுவி வைச்ச மரக்கறி."

"பசிக்கிறவனுக்குக் கறிதானே வேணும்."

"அந்தக் கால் நிலத்தில படாதது ஏன் தெரியுமே? ஸ்கந்தபுரத்து வெயிலையும் பனி நாட்டு வெளிச்சத்தையும் நீங்கள் தந்த ஜேபெக்கில பொருத்தேலாது. நிழலைக் கீறினால் கரி பூசின மாதிரி இருந்தது. அதுதான் நிழல் இல்லாமல் விட்டனான்."

கடைசியில் கலியாணம் முழுக்க ஜேபெக், வாசல் படம் மட்டும் றோ என்று தீர்ந்தது. சுமித்திரா பழைய கமராவில் இருந்த கார்டின் மூலையில் சிவப்பு நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். அது ஸ்கந்தபுரத்து வாசலுக்கு மட்டும்.

கலியாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துப்போக வேண்டியவன் பெண்ணின் சகோதரன். சஜீவனுக்குப் பதிலாக ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் கழுவி, அதற்கு மாப்பிள்ளை போடும் மோதிரத்தையும் வாங்கிக்கொண்டான். யாரோ தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து அதை மெல்பேர்னுக்குக் காட்டினார்கள். தாலி கட்டும்போதும் காட்டினார்கள், சாப்பாட்டுப் பந்தியையும் காட்டினார்கள். பின்னேரம் எல்லோரும் ஸ்கந்தபுரத்து வீட்டுக்குத் திரும்பியபோது ஒருவருடைய தொலைபேசியிலும் உயிர் இருக்கவில்லை.

வெயில் வேலிப் பக்கம் சாய்ந்திருந்தது. பிரதாபன் பொட்டு வைத்த கார்டை மாற்றிப் போட்டான். முற்றத்தில் தகப்பன் யோகநாதன், நாகேஸ்வரி, ஓர் இடம், யதுர்ஷிகா, மாப்பிள்ளை என்ற வரிசையில் நிறுத்தினான். புதுச் சேர்ட்டை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டிருந்த யோகநாதனுக்கு அது காலையிலிருந்தே பிடிக்கவில்லை.

"ஆள் எவ்வளவு உயரம், அன்ரி?"

நாகேஸ்வரி யோசிக்கவே இல்லை. கையைத் தன் காது மட்டத்துக்கு உயர்த்தி, உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தார்.

"இவ்வளவு."

"அம்மா!" யதுர்ஷிகா மாலையோடு திரும்பினாள். "அது போகேக்க இருந்த உயரம். இப்ப அவனுக்கு இருபத்தெட்டு வயசு."

நாகேஸ்வரி கையை இரண்டு விரலளவு உயர்த்தினார்.

"அவ்வளவு காணும், போதும்," என்றார் யோகநாதன். "இந்த வீட்டில ஆர் உயரம்? என்னைப் பார். அவன் மட்டும் என்ன தென்னையாவே வளரப் போறான்?"

"ஒருக்கா அவரிட்டயே கேட்டால் நல்லம்," என்றான் பிரதாபன்.

"பெத்த எனக்குத் தெரியாதே? ஒவ்வொரு நாளும் கதைக்கிறனான். நீ எடு, தம்பி, வெயில் போகுது."

நாகேஸ்வரி மருமகனையும் மகளையும் பார்த்து, ஒரு பொடியன் நிற்கும் அகலத்துக்கு இடம் விட்டார். பிறகு பக்கத்தில் இல்லாத தோளில் வலக்கையை வைத்தார். கை காற்றில் கொஞ்சமும் ஆடவில்லை. விரல்கள் இலேசாக வளைந்து, எதையோ பிடித்திருப்பது போலவே இருந்தன. பிரதாபன் தேவைக்கு அதிகமாக எடுத்தான்.

சஜீவனுடைய படம் முதலில் வட்ஸ்அப்பில் வந்தது. சுமித்திரா பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. குரல் பதிவு அனுப்பினாள்.

"தம்பி, படமா அனுப்பாதேங்கோ, டொக்கியூமென்டா அனுப்புங்கோ. இல்லாட்டி அது பிழிஞ்சு போட்டுச் சக்கையைத்தான் தரும். கால்வரைக்கும் தெரியவேணும். இடப்பக்கம் வெயில் படுற மாதிரி நில்லுங்கோ."

"அக்கா, இஞ்ச வெயிலே இல்லை. ரெண்டு கிழமையா மப்பும் மந்தாரமும்."

"பரவாயில்லை. எங்கட வெயிலை நான் குறைக்கிறன்."

அடுத்த நாள் நல்ல கோப்பு வந்தது. பட்டு வேட்டி, வெள்ளைச் சேர்ட், பின்னால் யாருடையவோ கராஜ் கதவு. தனியாக நிற்பவனுக்கு உயரம் தெரியாது. அளவு பொருத்துவதற்காகக் கேட்டாள். ஆறடி ஓர் அங்குலம் என்றான். நம்பாமல் திரும்பவும் கேட்டாள்.

"வேலையில அளந்தவங்கள், அக்கா. ஏணி எனக்கு அவ்வளவா தேவைப்படாது எண்டு சிரிக்கிறவங்கள்."

அந்த அளவுக்கு அவனைக் கொண்டுவந்து இடத்தில் வைத்தபோது இடம் போதவில்லை. அவனுடைய தோள் தாயின் முகத்தை மறைத்தது. சுமித்திரா படத்தை நடுவில் பிரித்து, மகளையும் மருமகனையும் அரை அடி தள்ளி வைத்தாள். வாசல் மண்ணை நீட்டினாள். ஸ்கந்தபுரத்து மஞ்சளைக் கொஞ்சம் இறக்கினாள், மெல்பேர்ன் சாம்பலுக்குக் கொஞ்சம் சூடு ஏற்றினாள். இரண்டு வெளிச்சமும் ஏதோ ஓரிடத்தில் சந்தித்தன. நிழல் கரியாகவில்லை. பிரதாபன் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இனி எல்லாம் றோதான்," என்று மட்டும் சொன்னான்.

ஒன்றுதான் பொருந்தவில்லை. தாயின் கை.

நாகேஸ்வரி தனியாகப் பஸ்ஸில் வந்தார். கணினிக்கு முன்னால் இருந்ததும் முதலில் கால்களைத்தான் பார்த்தார்.

"நிலத்தில படுது."

"ஓம், அன்ரி."

"நிழலும் விழுது."

பிறகுதான் மேலே பார்த்தார்.

"இவர் ஏன் இவ்வளவு சின்னனா இருக்கிறார்?" என்று கணவரைக் காட்டிக் கேட்டார்.

"அங்கிள் சின்னனில்லை. சஜீவன்தான் உயரம்."

"நீ கூட்டிப் போட்டாய், பிள்ளை."

"இல்லை, அன்ரி. அவர் சொன்ன அளவுதான்."

"நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான்."

"போனில முகம்தானே தெரியும்."

நாகேஸ்வரியின் விரல் திரையில் தன் கையைத் தேடிப்போயிற்று. தோளில் வைத்த கை மகனின் முழங்கைக்குச் சற்று மேலே நின்றது. கூட்டத்தில் தொலைந்துவிடாமலிருக்க யாரையோ பிடித்திருப்பவரின் கை போல இருந்தது.

"கையை மட்டும் புதுசா எடுத்து மாத்தலாம்," என்றாள் சுமித்திரா. "தோளில வைச்ச மாதிரி. ஆனால் எவ்வளவு உயரத்துக்குத் தூக்கவேணும் எண்டு..."

நாகேஸ்வரி தொலைபேசியை எடுத்து அழைத்தார். இரண்டாவது தடவை சஜீவன் வந்தான். நெற்றியில் பெயின்ட் புள்ளிகள்.

"அம்மா, வேலையில நிக்கிறன். என்ன அவசரம்?"

"ஒண்டுமில்லை, ராசா. போனை எங்கயாவது சாத்தி வை. வைச்சிட்டுக் கதவடியில போய் நில்லு."

"ஏன்?"

"நில்லெண்டா நில்லன்."

படம் குலுங்கிற்று. ஒரு பெயின்ட் வாளியின் விளிம்பு தெரிந்தது. அவன் பின்வாங்கி நடந்தான். முதலில் நெஞ்சு மட்டும், பிறகு இடுப்பு.

"இன்னும் தள்ளிப் போ."

எப்போதும் கிட்ட வா, முகத்தைக் காட்டு என்று சொல்கிறவர். அவன் போனான். கடைசியில் ஒரு வெறும் அறையின் மறுகரையில், கதவு நிலையோடு ஒட்டி, முழு ஆளாக நின்றான். நிலையின் மேல்சட்டத்துக்கும் அவனுடைய தலைக்கும் நடுவில் அரை அடி கூட இருக்காது. முகம் தெரியவில்லை. யாரோ ஓர் உயரமான மனிதன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

நாகேஸ்வரி தொலைபேசியை சுமித்திராவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். ஸ்டூடியோக் கதவின் நிலையருகே போய் நின்று, தொலைபேசியைப் பார்த்துப் பார்த்து, வலக்கையைத் தூக்கினார். காதைத் தாண்டி, தலை உச்சியைத் தொட்டு, அங்கே நிறுத்தினார்.

"இவ்வளவு," என்றார்.

பிரதாபன் பொட்டு வைத்த கார்டைச் செருகி, சத்தம் போடாமல் எடுத்தான். ஒன்று, பிறகு இன்னொன்று. விரல்கள் வளைந்திருந்தன, அன்றைக்குப் போலவே. கமராவை இறக்கிவிட்டு சுமித்திராவைப் பார்த்துத் தலையசைத்தான்.

"அம்மா," என்று தூரத்திலிருந்து குரல் வந்தது. "முடிஞ்சுதோ? நான் போகலாமோ?"

"பொறு," என்றார் நாகேஸ்வரி, கையை இறக்காமல். "இன்னும் எடுத்து முடியேல்ல."